கருந்துளையை எடை போட்டவர்கள்

அவசர ஊர்தி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு சாலையில் விரைந்து வருகிறது. வீட்டுக்குள் அமர்ந்திருப்பவர் அதைப் பார்க்கவில்லை. ஆயினும், அது நெருங்கி வருகிறதா, கடந்து போகிறதா என்பதை அவரால் சொல்லிவிட முடியும். ஊர்தி நெருங்கும்போது ஒலி கீச்சென்று கேட்கும்; கடந்து சென்றதும் அதே ஒலி தாழ்ந்து கேட்கும். அலைகளில் ஏற்படும் இந்த மாற்றத்தை 1842ஆம் ஆண்டில் ஆஸ்திரிய அறிவியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கினார். அதனால் இதற்கு ‘டாப்ளர் விளைவு’ என்று பெயர்.

இவ்விளைவு ஒலிக்கு மட்டும் உரியதன்று. ஒளியும் ரேடியோ அலையும் இதே முறையில்தான் மாறுகின்றன. நம்மை நோக்கி வரும் பொருளின் அலைகள் நெருக்கமடைகின்றன. விலகிச் செல்லும் பொருளின் அலைகள் நீள்கின்றன. எவ்வளவு நெருக்கமடைந்தன, எவ்வளவு நீண்டன என்பதை அளந்தால் அப்பொருளின் வேகம் தெரிந்துவிடும்.

இந்த எளிய விதியின் துணையோடு, ஏறத்தாழ 24 மில்லியன் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஒரு பொருளை வானியலாளர்கள் எடை போட்டிருக்கிறார்கள். அப்பொருள் ஒளியை வெளிவிடுவதில்லை. அதை எவரும் கண்டதுமில்லை. பிறகு எப்படி எடை போட்டார்கள்? அந்த எடை சரியானது என்று எதைக் கொண்டு நம்பினார்கள்?

சுழலும் மண்டலமும் அதன் நடுவும்

கோடிக்கணக்கான விண்மீன்களும் வாயுவும் தூசும் ஈர்ப்பு விசையால் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் அமைப்பே விண்மீன் மண்டலம். அவற்றுள் பல, தட்டையான வட்டு வடிவில் சுருள் கைகளோடு காணப்படுகின்றன. சூரியனும் பூமியும் இருக்கும் பால்வீதியும் அத்தகைய ஒரு சுருள் மண்டலமே.

சுருள் மண்டலங்கள் சிலவற்றின் நடுப்பகுதி மட்டும் வழக்கத்திற்கு மாறாக மிகப் பிரகாசமாக இருக்கும். 1943ஆம் ஆண்டில் அமெரிக்க வானியலாளர் கார்ல் சைஃபர்ட், அவ்வாறான சில மண்டலங்களின் நடுவிலிருந்து வந்த ஒளியை ஆராய்ந்தார். அங்குள்ள வாயு, விநாடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகம் வரையில் ஓடிக்கொண்டிருப்பதை டாப்ளர் விளைவு காட்டியது. சூரியனைச் சுற்றி வரும் பூமியின் வேகமோ விநாடிக்கு 30 கிலோமீட்டர்தான்.

வேகமாக ஓடும் வாயுவைச் சிதறவிடாமல் பிடித்துவைக்க வலிமையான ஈர்ப்பு விசை வேண்டும். வலிமையான ஈர்ப்பு விசைக்கு மிகுந்த நிறை வேண்டும். அவ்வளவு நிறையும் சிறிய இடத்திற்குள் அடங்கியிருந்தால், அது கருந்துளையாக இருக்கலாம். ஒளிகூடத் தப்பிச் செல்ல முடியாத அளவுக்கு ஈர்ப்பு விசை வலுவாக உள்ள பகுதியைத்தான் கருந்துளை என்கிறோம்.

ஆனால், ‘இருக்கலாம்’ என்பது சான்றாகாது. வாயு வேகமாக ஓடுவதற்கு ஈர்ப்பு விசை மட்டுமே காரணமன்று. வெடிப்பு அதைத் தள்ளலாம்; விண்மீன்களிலிருந்து வீசும் காற்று அதை அடித்துச் செல்லலாம்; காந்தப் புலம் அதன் போக்கைத் திருப்பலாம். ஆற்றில் மிதக்கும் இலை விரைந்து செல்வதைப் பார்த்தவுடன், அதை இழுப்பது எது என்று முடிவு செய்துவிட முடியாது. காற்றா, நீரோட்டமா என்பதை அறிய வேண்டுமானால் அதன் பாதையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். விண்மீன் மண்டலங்களின் நடுவில் உள்ள வாயுவின் பாதையை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் வசதி நீண்ட காலம் கிடைக்கவில்லை.

நீராவி அனுப்பிய செய்தி

அந்த வசதியைத் தந்தது, எதிர்பாராத ஒரு பொருள். அதுதான் நீர்.

விண்வெளியில் உள்ள வெப்பமான, அடர்ந்த வாயு மேகங்களில் நீர் மூலக்கூறுகளும் கலந்திருக்கின்றன. சரியான சூழ்நிலை அமைந்தால், அவை 1.35 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட ரேடியோ அலையைப் பன்மடங்கு பெருக்கி வெளியிடும். லேசர் கருவி ஒளியைப் பெருக்குவதைப் போன்றதே இச்செயல். ரேடியோ அலையில் நடைபெறுவதால் இதை ‘மேசர்’ என்பர். விண்வெளியில் நீர் மேசர் இருப்பதை, சார்ல்ஸ் டவுன்ஸ் இடம்பெற்றிருந்த அமெரிக்க ஆய்வுக் குழு 1969ஆம் ஆண்டில் அறிவித்தது.

மேசர் வானியலாளர்களுக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. மண்டலத்தின் நடுப்பகுதியைத் தூசு மறைத்தாலும் ரேடியோ அலை அதை ஊடுருவி வந்துவிடும். மேலும், மேசர் ஒவ்வொன்றும் மிகச் சிறிய புள்ளியாகவும் மிகப் பிரகாசமாகவும் இருக்கும். இருண்ட திடலில் ஓடும் விளையாட்டாளர்கள் ஆளுக்கொரு கைவிளக்கை ஏந்தியிருந்தால், விளக்குகளை வைத்தே அவர்கள் ஓடும் பாதையை அறிந்துகொள்ளலாம் அல்லவா? வாயு மேகங்களுக்கு நீர் மேசர் அத்தகைய கைவிளக்கு.

வட வானில் உள்ள என்ஜிசி 4258 என்னும் சுருள் மண்டலத்தின் நடுவில் நீர் மேசர் இருப்பது 1980களிலேயே தெரிந்திருந்தது. மெசியே 106 என்பதும் இம்மண்டலத்தின் பெயரே. ஒட்டுமொத்த மண்டலமும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நம்மைவிட்டு விலகிச் செல்கிறது. மேசரின் அலைகளும் அந்த வேகத்திற்கு ஏற்ற அளவிலேயே நீண்டிருந்தன. ஆகவே, அந்த வேகத்தை ஒட்டிய அலைநீளங்களில் மட்டும் தேடுவதே வழக்கமாக இருந்தது.

ஜப்பானிய வானியலாளர்களான நகாய், இனோவே, மியோஷி ஆகிய மூவரும் தேடலை அகலமாக்கினர். நோபேயாமா ஆய்வகத்தில் உள்ள 45 மீட்டர் விட்டம் கொண்ட ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு, வழக்கமான எல்லைக்கு வெகு தூரம் அப்பாலும் பார்த்தனர். அங்கே மேலும் இரண்டு தொகுதி மேசர்கள் இருந்தன. ஒரு தொகுதி, மண்டலத்தின் வேகத்தோடு ஒப்பிடும்போது விநாடிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் சென்றது. மற்றொரு தொகுதி, அதே போன்ற வேகத்தில் எதிர்த்திசையில் நெருங்கி வந்தது. இக்கண்டுபிடிப்பை 1993ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர்.

இரண்டு விளக்கங்கள்

ஒரு பக்கம் விலகுகிறது, மறுபக்கம் நெருங்குகிறது. இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்ல முடிந்தது.

முதலாவது விளக்கம்: மண்டலத்தின் நடுவிலிருந்து வாயு எதிரெதிர்த் திசைகளில் பீறிட்டு வெளியேறுகிறது. இது பொருந்தாத விளக்கமன்று. என்ஜிசி 4258இல் விண்மீன்களால் ஆன சுருள் கைகளைத் தவிர, வாயுவால் ஆன வேறு இரண்டு கைகளும் இருப்பது 1960களிலிருந்தே தெரியும். நடுவிலிருந்து ஏதோ வெளியேறுவதற்கு அவை அடையாளமாக இருந்தன.

இரண்டாவது விளக்கம்: வாயு ஒரு வட்டாகச் சுழல்கிறது. சுழலும் வட்டை அதன் விளிம்பின் பக்கமிருந்து பார்த்தால், ஒரு பக்கம் விலகுவது போலவும் மறுபக்கம் நெருங்குவது போலவும்தான் தெரியும். அப்படியானால், அந்த வட்டின் நடுவில் பெரும் நிறை ஒன்று இருந்தாக வேண்டும்.

வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விரண்டில் எது சரி என்று கூற முடியவில்லை. ஒவ்வொரு மேசரும் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஆனால், அந்த இடம் வானத்தில் மிக மிகச் சிறியது.

தீவு முதல் தீவு வரை ஒரு தொலைநோக்கி

தொலைநோக்கி எவ்வளவு பெரியதோ, அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியும். இந்த மேசர்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க, பல ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி தேவைப்பட்டது. அப்படி ஒன்றைக் கட்ட இயலாது. ஆனால், வெகு தொலைவில் உள்ள பல தொலைநோக்கிகளை ஒரே தொலைநோக்கியாகச் செயல்பட வைக்கலாம்.

அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டில் பணியைத் தொடங்கிய நீள்தள ரேடியோ தொலைநோக்கி அணி அவ்வாறு அமைக்கப்பட்டதே. பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவிலிருந்து கரீபியக் கடலில் உள்ள செயின்ட் குரோய் தீவு வரை, 25 மீட்டர் விட்டமுள்ள பத்துத் தொலைநோக்கிகள் அதில் உள்ளன. அணியின் இரு முனைகளுக்கும் இடையே 8,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு இருக்கிறது. பத்தும் ஒரே நேரத்தில் ஒரே இலக்கை நோக்குகின்றன. ஒவ்வொன்றும் தான் பெறும் அலையை, அணுக் கடிகாரம் காட்டும் நேரத்தோடு பதிவு செய்கிறது. பின்னர், பத்துப் பதிவுகளையும் கணினி ஒன்றாக இணைக்கிறது.

கோத்தா கினபாலுவில் வைக்கப்பட்ட ஒரு பச்சைப்பயற்றை, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோலாலம்பூரிலிருந்து பார்ப்பதற்கு எவ்வளவு நுணுக்கம் வேண்டுமோ, அவ்வளவு நுணுக்கம் இந்த அணிக்கு உண்டு.

மியோஷி, நகாய், இனோவே ஆகியோர் ஜேம்ஸ் மொரான் உள்ளிட்ட வானியலாளர்களோடு சேர்ந்து, இந்த அணியைக் கொண்டு என்ஜிசி 4258ஐ ஆராய்ந்தனர். முடிவுகள் 1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தன.

வேகத்தில் தெரிந்த ஒழுங்கு

மேசர்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கவில்லை. அவை ஒரு மெல்லிய வட்டின் மீது அமைந்திருந்தன. அந்த வட்டு, பொரித்த அப்பளத்தைப் போலச் சற்றே வளைந்திருந்தது. விலகும் மேசர்கள் எல்லாம் ஒரு பக்கத்திலும், நெருங்கும் மேசர்கள் எல்லாம் மறுபக்கத்திலும் இருந்தன.

அதைவிட முக்கியமான செய்தி, வேகத்தில் இருந்த ஒழுங்கு. வட்டின் உள்விளிம்பில் வாயுவின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். அதைப்போல் இரு மடங்குத் தொலைவில் உள்ள வெளிவிளிம்பில் வேகம் ஏறத்தாழ 770 கிலோமீட்டர். வெளியே செல்லச் செல்ல வேகம் சீராகக் குறைந்தது.

கேளிக்கைப் பூங்காவில் சுழலும் இராட்டினத்தில் இப்படி நடப்பதில்லை. அங்கு விளிம்பில் அமர்ந்திருப்பவரே அதிக வேகத்தில் செல்வார். ஆனால், சூரியக் குடும்பத்தில் இப்படித்தான் நடக்கிறது. சூரியனுக்கு அருகில் உள்ள புதன் விநாடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. பூமி 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. தொலைவில் உள்ள நெப்டியூன் 5 கிலோமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. தொலைவு நான்கு மடங்கானால் வேகம் பாதியாகும். கோள்களின் இயக்கத்தை 17ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த யோகான்னஸ் கெப்ளர் கண்ட விதியிலிருந்து கிடைக்கும் உண்மை இது. பெரும்பகுதி நிறை நடுவில் ஒரே இடத்தில் குவிந்திருந்தால்தான் இவ்விதி பொருந்தும்.

என்ஜிசி 4258இன் வாயுவும் இதே விதிக்கு உட்பட்டே சுழன்றது. கணக்குக்கும் அளவீட்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பீறிட்டு வெளியேறும் வாயுவில் இத்தகைய ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

மற்றொரு சான்றும் இருந்தது. வட்டின் முன்பகுதியில் உள்ள மேசர்களின் வேகம் ஆண்டுதோறும் விநாடிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் என்ற அளவில் கூடிக்கொண்டே இருந்தது. வட்டப் பாதையில் செல்லும் பொருள் எப்போதும் நடுவை நோக்கி இழுக்கப்படுகிறது. முன்பகுதியில் உள்ள வாயு நடுவை நோக்கி, அதாவது நம்மைவிட்டு விலகும் திசையில், இழுக்கப்படுவதையே இந்த மாற்றம் காட்டியது.

இனி எடை போடலாம். சுற்றும் பொருளின் வேகத்தைத் தன்னாலேயே பெருக்கி, அதைத் தொலைவாலும் பெருக்கினால், நடுவில் உள்ள நிறையை ஒப்பிட முடியும். இதற்குப் பூமியை அளவுகோலாகக் கொள்ளலாம். வட்டின் உள்விளிம்பில் உள்ள வாயுவின் வேகம் பூமியின் வேகத்தைப்போல் 37 மடங்கு. நடுவிலிருந்து அதன் தொலைவு, சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவைப்போல் ஏறத்தாழ 29,000 மடங்கு. 37ஐ 37ஆல் பெருக்கி, மீண்டும் 29,000ஆல் பெருக்கினால், ஏறத்தாழ 40 மில்லியன் என்னும் விடை வரும். வட்டின் நடுவில் இருப்பது ஏறத்தாழ 40 மில்லியன் சூரியன்களின் நிறை! எல்லா மேசர்களின் அளவீடுகளையும் கொண்டு வானியலாளர்கள் இப்போது கூறும் அளவு ஏறத்தாழ 39 மில்லியன்.

வேறு ஏதாவதாக இருக்குமோ?

ஐயம் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. நடுவில் நிறை இருப்பது உறுதி. ஆனால், அது கருந்துளைதானா? ஒளி மங்கிய விண்மீன்கள் பல மில்லியன் கணக்கில் கூடியிருக்கும் கூட்டமாக இருக்கக்கூடாதா?

வட்டின் உள்விளிம்பு நடுவிலிருந்து அரை ஒளியாண்டுக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. சூரியனுக்கு அடுத்துள்ள விண்மீனோ நான்கு ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. அரை ஒளியாண்டுக்குள் 39 மில்லியன் சூரியன்களின் நிறையை அடைப்பது, ஒரு வகுப்பறைக்குள் ஒரு நகரத்து மக்களையே அடைப்பது போன்றது. அதுமட்டுமன்று. கூட்டம் பரவலாக இருந்தால், வாயுவின் வேகம் கெப்ளர் விதியிலிருந்து விலகிக் காட்டியிருக்கும். அவ்வாறு விலகாததால், நிறை வட்டின் உள்விளிம்பைவிட வெகுவாகச் சுருங்கிய இடத்தில்தான் இருக்க வேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் விண்மீன்கள் நிலைத்திருக்க முடியாது. அவை ஒன்றோடொன்று மோதி அழியும். அல்லது ஒன்றையொன்று இழுத்து வெளியே எறிந்துவிடும். மண்டலத்தின் வயதோடு ஒப்பிட்டால், அத்தகைய கூட்டத்தின் ஆயுள் மிகக் குறைவு என்று கணக்கீடுகள் காட்டின. வேறு விளக்கங்கள் ஒவ்வொன்றாக விலகிய பின் எஞ்சி நின்றது கருந்துளையே.

கருந்துளை சுற்றியுள்ள அனைத்தையும் உடனே உறிஞ்சிவிடும் என்று பலர் எண்ணுவதுண்டு. என்ஜிசி 4258 அதை மறுக்கிறது. இதன் கருந்துளை எல்லையின் ஆரம் ஏறத்தாழ 115 மில்லியன் கிலோமீட்டர். அது சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள 150 மில்லியன் கிலோமீட்டர் தொலைவைவிடக் குறைவு. வாயு வட்டோ அதைப்போல் பல்லாயிரம் மடங்குத் தொலைவில், சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல ஒழுங்காகச் சுழன்றுகொண்டிருக்கிறது. வாயு உராய்வினால் ஆற்றலை இழக்கும்போதுதான் மெல்ல மெல்ல உள்நோக்கி நகர்கிறது.

பால்வீதியின் நடுவே

இந்தக் கேள்வி தொலைதூர மண்டலத்தோடு நின்றுவிடவில்லை. பூமியிலிருந்து ஏறத்தாழ 27,000 ஒளியாண்டுத் தொலைவில் பால்வீதியின் நடுப்பகுதி இருக்கிறது. அங்கும் வாயு மிக வேகமாக ஓடுவதை 1970களில் சார்ல்ஸ் டவுன்ஸின் குழுவினர் கண்டனர். நடுவில் சில மில்லியன் சூரியன்களின் நிறை இருக்கலாம் என்று அவர்கள் கணித்தனர். ஆனால், இங்குள்ள வாயு, என்ஜிசி 4258இல் உள்ளதைப் போல நேர்த்தியான வட்டாக அமையவில்லை. காற்றும் காந்தப் புலமும் அதைத் தள்ளியிருக்கலாம் என்று மற்றவர்கள் ஐயம் எழுப்பினர்.

அந்த ஐயம் நியாயமானது. அதற்கு விடை காண, காற்றாலும் காந்தப் புலத்தாலும் அசைக்க முடியாத விண்மீன்களைப் பின்தொடர வேண்டியிருந்தது. ரைன்ஹார்ட் கென்செல் தலைமையிலான குழுவும் ஆன்டிரியா கெஸ் தலைமையிலான குழுவும் 1990களிலிருந்து பல ஆண்டுகள் அப்பணியைத் தனித்தனியே செய்தன. எஸ்2 என்னும் விண்மீன், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை ஏறத்தாழ 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருவதை இரு குழுக்களும் கண்டன. அப்பொருளின் நிறை ஏறத்தாழ 4 மில்லியன் சூரியன்கள். வாயுவைக் கொண்டு முன்பு கணித்த அளவும் அதற்கு நெருக்கமாகவே இருந்தது. 2020ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசின் ஒரு பாதியை கென்செலும் கெஸ்ஸும் பகிர்ந்துகொண்டனர். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், அக்கருந்துளையைச் சூழ்ந்த ஒளி வளையத்தின் படமும் வெளியிடப்பட்டது.

முதலில் வியப்பை ஏற்படுத்தியது வாயுவின் வேகம். ஆனால், வேகத்தைப் பார்த்தவுடன் வானியலாளர்கள் முடிவுக்கு வந்துவிடவில்லை. வேறு என்ன காரணம் இருக்கக்கூடும் என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். அந்தக் காரணங்களைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற அளவீடுகளைத் தேடினார்கள். காணாத பொருளின் எடையை உலகம் இன்று நம்புவதற்கு, அன்று அவர்கள் தங்கள் விடையின் மீதே ஐயம் கொண்டதுதான் காரணம்.

சிந்தித்து விடையளிக

1. மண்டலத்தின் நடுவில் வாயு வேகமாக ஓடுவது மட்டும் கருந்துளைக்குச் சான்றாகாதது ஏன்?
2. ஜப்பானிய வானியலாளர்களின் தேடல் முந்தைய தேடல்களிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது?
3. சுழலும் இராட்டினத்திற்கும் என்ஜிசி 4258இன் வாயு வட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
4. நடுவில் இருப்பது விண்மீன் கூட்டமன்று என்பதற்குக் கட்டுரை கூறும் காரணங்களைத் தொகுத்து எழுதுக.
5. ‘ஒரு செய்தியை நம்புவதற்கு முன் அதற்கு வேறு விளக்கம் உண்டா என்று கேட்க வேண்டும்.’ இக்கருத்து அன்றாட வாழ்வில் எவ்வாறு பயன்படும்? ஓர் எடுத்துக்காட்டுடன் கலந்துரையாடுக.